ப்ராக்ஸிக்கு வாழ்க்கைப்பட்டவள்

மார்ச் 3, திங்கள்

படிவம் நான்காவது முறையாகத் திரும்பி வந்துவிட்டது. இந்தத் தடவை காரணம்: ‘விண்ணப்பதாரரின் புகைப்படம் இணைக்கப்படவில்லை.’

விண்ணப்பதாரர் ஒரு சர்வர். பரிசோதனைக்கூடத்தின் குளிர் அறையில், இரும்பு அலமாரிக்குள் உட்கார்ந்திருக்கும் கறுப்புப் பெட்டி. படம் எடுத்து ஒட்டியும்விடுவேன். காது தெரியவில்லை என்று ஐந்தாவது முறை திருப்பி அனுப்புவார்கள்.

அனுப்புவார்கள் என்ன, அனுப்புவார். ஒரே ஆள்தான். முதல் மாடி, இணையப் பாதுகாப்புப் பிரிவு, கண்ணாடிக் கதவு. ஆஸ்பத்திரி முழுக்க அவருக்குப் ‘பூட்டு’ என்று பெயர். எனக்கு அவர் வீட்டுக்காரர். ஊர் வாய் சும்மா இருக்குமா, அதனால் எனக்கும் ஒரு பெயர் வைத்திருக்கிறது: ‘சாவி’. நான் வீட்டில் ஒரு வார்த்தை சொன்னால் அவர் திறந்துவிடுவார் என்று எல்லோருக்கும் நினைப்பு. ஒன்பது வருஷமாக நான் திறந்தது ஊறுகாய் பாட்டிலைத்தான்.

புலம்பலை நிறுத்திவிட்டு விஷயத்தை ஒழுங்காக எழுதிவைக்கிறேன். ரத்தம், சிறுநீர் எதைக் கொடுத்தாலும் இப்போது முடிவு காகிதத்தில் நாலாம் ஜன்னலுக்குப் போகிறது. ஜனங்கள் அங்கே வந்து காத்து நிற்க வேண்டும். புது மென்பொருள் வந்திருக்கிறது; முடிவு தயாரானதும் நோயாளியின் கைபேசிக்கே அனுப்பிவிடும். அதற்குச் சர்வர் இணையத்துக்குப் போக வேண்டும். எங்கள் ஆஸ்பத்திரியில் எதுவும் நேராக வெளியே போக முடியாது. நடுவில் ப்ராக்ஸி என்று ஒன்று உண்டு. நீ யார், எங்கே போகிறாய் என்று கேட்டு, பெயரையும் பாஸ்வேர்டையும் சரிபார்த்து, நமக்குப் பதிலாகத் தானே போய் வாங்கி வந்து கொடுக்கும். அந்த ப்ராக்ஸியின் காவலர்தான் இவர்.

கண்காணிப்பாளர் அம்மா இன்று கூப்பிட்டனுப்பினார். “முப்பத்தொண்ணாம் தேதி வெளி கம்பெனி ஆளுங்க வர்றாங்க. அதுக்குள்ள மெசேஜ் போகலன்னா சர்வர் வேலைய மொத்தமா அவங்க கையில குடுத்துடுவேன். உங்களுக்கு ஃபைல் கிடங்குல ஒரு நாற்காலி இருக்கு.”

ஃபைல் கிடங்கு பிணவறைக்குப் பின்னால் இருக்கிறது. எலிகள் நடத்தும் கட்டடம். பதினொரு வருஷம் சர்வர் பார்த்த கை, எலிப்பொறி வைக்கப் போகுமா?

மார்ச் 4, செவ்வாய்

காலையில் ஸ்கூட்டரில் வரும்போது கேட்டேன். “ஆபீஸ் விஷயத்த ஆபீஸ்ல பேசலாம்மா” என்றார். சரி என்று ஆபீஸில் மாடியேறிப் போய்க் கேட்டேன். “படிவத்த சரியா நிரப்பிக் குடுங்க மேடம்” என்றார்.

வீட்டில் ‘என்னங்க’, ஆபீஸில் ‘சார்’. இதெல்லாம் அவர் போட்ட சட்டம். ஒரே வண்டியில் வந்து இறங்கினால் பேச்சு வருமாம். அதனால் கேட்டுக்குக் கொஞ்சம் முன்னாலேயே பேக்கரி வாசலில் என்னை இறக்கிவிடுவார். நான் நடந்து போய்க் கையெழுத்துப் போட வேண்டும். ஐந்து நிமிஷம் இடைவெளி விட்டு அவர் வருவார். மழையோ வெயிலோ ஒன்பது வருஷமாக இதே கூத்து. வாட்ச்மேன் என் கழுத்துத் தாலியை நான் யாரிடமோ இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டதாகத்தான் நினைத்திருப்பார்.

“சார், அது சர்வர். அதுக்கு பொறந்த தேதி கிடையாது, போட்டோ கிடையாது. உங்க படிவம் மனுஷங்களுக்கு போட்டது” என்றேன்.

“அதான் மேடம் விஷயமே. வெளிய போனது யாருன்னு ஒரு மனுஷப் பேரு எனக்கு வேணும். பொட்டி தப்பு பண்ணா நான் யார போய் கேக்குறது?”

கேள்வி நியாயம்தான். அதுதான் எரிச்சல். வீட்டில் வாசல் கதவைத் தாழ் போட மறந்து தூங்கும் மனுஷன், இங்கே ஒரு ஓட்டையைத் திறக்க மூன்று கையெழுத்துக் கேட்கிறார்.

மார்ச் 5, புதன்

பேசவில்லை. அவரும் பேசவில்லை. நான் பேசாமல் இருப்பது அவருக்குத் தெரிந்ததா என்பதே தெரியவில்லை.

மார்ச் 6, வியாழன்

செய்துவிட்டேன்.

மதியம் குளிர் அறையில் தனியாக இருந்தேன். என் பெயரைப் போட்டால் எனக்கு இணையம் வருகிறது. அதே கணினியில் மென்பொருளுக்கு வரவில்லை. அரை மணி நேரம் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகுதான் உறைத்தது. நான் போட்ட ப்ராக்ஸி விவரம் என் திரைக்கு மட்டும்தான். மென்பொருள் தனி ஆளாக ஓடுகிறது. அதற்குத் தனியாகச் சொல்ல வேண்டும். அதன் அமைப்புக் கோப்பைத் திறந்தால் நான்கே வரிகள். ப்ராக்ஸியின் முகவரி. எண். பயனர் பெயர். பாஸ்வேர்ட்.

மனுஷப் பெயர்தானே வேண்டும்? என் பெயரைப் போட்டேன். என் பாஸ்வேர்டையும் போட்டேன்.

ஒரு நிமிஷத்தில் என் கைபேசிக்குச் சோதனைச் செய்தி வந்து விழுந்தது. குளிர் அறையில் ஒரு சுற்றுச் சுற்றி ஆடினேன். வெளியே கண்ணாடி வழியாகப் பார்த்த துப்புரவு அம்மா எனக்குக் குளிர்கிறது போல என்று கதவைச் சாத்திவிட்டுப் போனார்.

தப்புதான். பாஸ்வேர்டை யாருக்கும் கொடுக்கக் கூடாது என்று விதி. ஆனால் சர்வர் ‘யாரோ’ இல்லையே? இவரே சொன்னார், அது மனுஷன் இல்லை என்று! கோப்பில் பக்கத்தில் ‘தற்காலிகம்’ என்று குறிப்பு எழுதியிருக்கிறேன்.

மார்ச் 7, வெள்ளி

இன்றைய முட்டாள்தனம்: எங்கே போவதானாலும் ப்ராக்ஸி வழியாகப் போ என்று எழுதிவைத்திருந்தேன். பக்கத்து மேஜையில் இருக்கும் ரத்தப் பரிசோதனை இயந்திரத்திடம் முடிவு கேட்பதற்கும் சர்வர் முதல் மாடி போய் நின்றிருக்கிறது. அப்படி ஒரு முகவரி வெளியுலகில் கிடையாது என்று துரத்திவிட்டிருக்கிறார்கள். உள்ளே இருப்பவர்களிடம் நேராகவே பேசு என்று ஒரு வரி சேர்த்ததும் சரியாகிவிட்டது. அடுத்த அறையில் இருப்பவரிடம் நேராகப் பேசாமல் படிவம் கொடுத்துக்கொண்டிருப்பது எங்கள் இரண்டு பேருக்கும் பழக்கம், பாவம் அதற்கும் ஒட்டிக்கொண்டது.

மார்ச் 10, திங்கள்

முதல் நாள். நாற்பது பேருக்குச் செய்தி போனது. நாற்பதும் போய்ச் சேர்ந்தது.

நாலாம் ஜன்னலில் பெயர் கூப்பிடும் அக்காவுக்குத்தான் சந்தோஷம் தாங்கவில்லை. இருபது வருஷமாகக் கத்திக் கத்தி அவருக்கு ரகசியம் பேசவே வராது. “என் தொண்டைக்கு லீவு விட்டுட்டீங்கம்மா!” என்று அவர் சொன்னது பார்க்கிங் வரைக்கும் கேட்டிருக்கும். “எப்படிம்மா பூட்ட தொறந்தீங்க?”

“அன்பாலதான்” என்றேன். நாக்கில் கொப்புளம் வர வேண்டும் எனக்கு.

மார்ச் 12, புதன்

சாப்பிடும்போது இவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். “என்னங்க?” என்றேன். “ஒண்ணுமில்ல. நம்ம விதிமுறைப் புத்தகம் பதினாலாம் பக்கம் படிச்சிருக்கியா?” என்றார்.

மனைவியை அப்படிப் பார்த்துவிட்டு ஒரு மனுஷன் கேட்கிற கேள்வியா இது? சரிசெய்த தலைமுடியை மறுபடி கலைத்துவிட்டுக்கொண்டேன்.

மார்ச் 16, ஞாயிறு

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். மத்தியானம் மூன்று பேரும் உட்கார்ந்து சாப்பிடும்போது, “அத்தை, உங்க பையனுக்கு ஆபீஸ்ல என்ன பேரு தெரியுமா?” என்று ஆரம்பித்துப் பூட்டுக் கதையைச் சொல்லிவிட்டேன். மாமியார் சிரித்துச் சிரித்துப் புரையேறி, “சின்ன வயசுலேர்ந்தே பென்சில் டப்பாவ பூட்டி வைப்பான்டி!” என்று தன் பங்குக்கும் ஒன்று சேர்த்தார்.

இவர் சிரிக்கவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

மார்ச் 17, திங்கள்

முப்பது நாளைக்கு ஒரு முறை எல்லோரும் பாஸ்வேர்ட் மாற்ற வேண்டும். இன்று என் முறை. ஒன்பது பத்துக்கு மாற்றினேன். ஒன்பது பதினைந்துக்கு என் கணக்கு பூட்டிக்கொண்டது.

மாடியேறினேன். “மூணு தடவ தப்பா போட்டிருக்கீங்க மேடம்.” “நான் ஒரு தடவகூட போடல சார்.” திறந்துவிட்டார். கீழே இறங்கி நாற்காலியில் உட்காருவதற்குள் மறுபடி பூட்டு. மறுபடி மாடி. மத்தியானத்துக்குள் நான்கு தடவை.

நாலாவது தடவை அவர் சொன்னது: “யோசிச்சுப் பாருங்க மேடம்.”

யோசித்தேன். நேற்றுப் பூட்டு என்று சிரித்தேன், இன்று பூட்டுகிறார். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? காலையிலிருந்து ஒரு செய்தியும் போகவில்லை. பழிவாங்க இதுதானா கிடைத்தது?

மார்ச் 18, செவ்வாய்

ஆறு தடவை. படியேறி இறங்கி முட்டி வலிக்கிறது. நான் ஒவ்வொரு முறை கண்ணாடிக் கதவைத் திறக்கும்போதும் அந்த மனுஷன் முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை. “யோசிச்சீங்களா மேடம்?”

ரொம்ப நன்றாக யோசித்தேன் சார். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் வைஃபை பாஸ்வேர்டை மாற்றிவிட்டேன்.

மார்ச் 19, புதன்

காலையில் காபியோடு கைபேசியைத் தட்டித் தட்டிப் பார்த்தார். “நெட் வரலையே?”

“வரும். படிவத்த நிரப்பிக் குடுங்க.”

தயாராக வைத்திருந்தேன். அவருடைய படிவத்தையே பார்த்து அடித்தது. விண்ணப்பதாரர் பெயர், பிறந்த தேதி, இணையம் தேவைப்படும் காரணம், பரிந்துரைப்பவர், புகைப்படம். மூன்று பிரதிகள்.

அவர் சிரிப்பார் அல்லது கத்துவார் என்று எதிர்பார்த்தேன். வாங்கி, முழுக்கப் படித்து, “இதுல விண்ணப்ப எண் போட எடமில்ல” என்றார்.

மாமியாரின் டி.வி. தொடரும் நின்றுபோனதுதான் நான் எதிர்பார்க்காதது. கதாநாயகிக்கு நினைவு திரும்பும் நேரத்தில் திரையில் வட்டம் சுற்ற ஆரம்பித்துவிட்டது. அவர் காதில் மட்டும் புதுப் பாஸ்வேர்டைச் சொன்னேன். “அவன்கிட்ட சொல்ல மாட்டேன்டி, கவலப்படாத” என்று முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். எழுபத்திரண்டு வயதில் இவ்வளவு குஷியாக அவரைப் பார்த்ததில்லை.

மார்ச் 20, வியாழன்

நிரப்பியே கொடுத்துவிட்டார்! திருப்பி அனுப்பினேன். காரணம்: ‘புகைப்படத்தில் காது தெரியவில்லை.’

மார்ச் 21, வெள்ளி

இன்று சிரிப்பு வரவில்லை.

நாலாம் ஜன்னல் முன்னால் பழையபடி கூட்டம். இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண். குழந்தைக்குக் காய்ச்சல், ரத்தம் எடுத்து நாலு நாளாகிறது. போன வாரம் பக்கத்து வீட்டுக்காரருக்குக் கைபேசிக்கே முடிவு வந்ததாம். அதை நம்பிக்கொண்டு தினமும் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். வரவில்லை என்றதும் இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறாள். “மெசேஜ் வரும்னு சொன்னாங்களே மேடம். என் போன்ல ஏதாவது கோளாறா?” என்று கைபேசியை என்னிடமே நீட்டினாள்.

கோளாறு உன் போனில் இல்லையம்மா என்று சொல்லத் தைரியம் வரவில்லை. காகிதத்தைத் தேடி எடுத்துக் கொடுத்தேன். பெரிதாக ஒன்றுமில்லை, சாதாரணக் காய்ச்சல்தான். அவள் நிம்மதியாகப் போனாள். எனக்குத்தான் வெட்கமாக இருந்தது. ஒரு புருஷனும் பெண்டாட்டியும் கண்ணாமூச்சி ஆட அவள் ஏன் இரண்டு பஸ் ஏற வேண்டும்?

பத்து நாள்தான் இருக்கிறது. திங்கட்கிழமை அவரைக் கையும் களவுமாகப் பிடித்துக் கண்காணிப்பாளர் அம்மா முன்னால் நிறுத்தப்போகிறேன். புருஷனாவது ஒன்றாவது.

மார்ச் 22, சனி

புதிய புகைப்படத்துடன் படிவம் வந்தது. படத்தில் காது மட்டும்தான் இருக்கிறது. காரணம் என்ற இடத்தில் ‘மனைவி பேசாத நாட்களில் பொழுது போக’ என்று எழுதியிருக்கிறார். பரிந்துரைப்பவர்: அம்மா. மாமியார் கையெழுத்தே போட்டிருக்கிறார், இரண்டு பக்கமும் வேலை பார்க்கிறார் அவர்.

சிரிப்பு வந்துவிட்டது. கோபத்தை விட மனசில்லாமல் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு சிரித்தேன்.

மார்ச் 24, திங்கள்

இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது. இருந்தாலும் எழுதுகிறேன்.

சாட்சி வேண்டும் என்று நாலாம் ஜன்னல் அக்காவைக் குளிர் அறைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். “அக்கா, என் ரெண்டு கையையும் பாத்துக்கிட்டே இருங்க. நான் எதையும் தொடல. ஆனா என் கணக்கு பூட்டிக்கும். நீங்கதான் சாட்சி.” மாடிக்குப் போன் போட்டுத் திறக்கச் சொன்னேன். போனை வைத்துவிட்டு இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, போலீஸிடம் சரணடைந்தவள் போல நின்றேன். அக்கா கண்ணிமைக்காமல் பார்த்தார்.

ஒரு நிமிஷம். இரண்டு நிமிஷம். மூன்றாவது நிமிஷம் பூட்டிக்கொண்டது.

“பாத்தீங்களா! நான் தொட்டேனா?”

“இல்லம்மா, நீங்க தொடல” என்றார் அக்கா, ஆஸ்பத்திரிக்கே கேட்கும்படி. “ஆனா அந்தப் பொட்டி நிமிஷத்துக்கு ஒருக்கா பச்ச லைட்ட போட்டுப் போட்டு அணைக்குதே. அது என்னம்மா பண்ணுது?”

அது என்னம்மா பண்ணுது.

தூக்கிய கை தூக்கியபடியே நின்றது. சர்வரின் பதிவைத் திறந்தேன். போன திங்கள் ஒன்பது பத்திலிருந்து, நிமிஷத்துக்கு ஒரு முறை, என் பெயரைச் சொல்லி, என் பழைய பாஸ்வேர்டைச் சொல்லிக் கதவைத் தட்டியிருக்கிறது. மறுப்பு. மறுப்பு. மறுப்பு. பத்தாயிரம் தடவைக்கு மேல். நான் என் பாஸ்வேர்டை மாற்றினேன். அந்தக் கோப்பில் ‘தற்காலிகம்’ என்று எழுதிவைத்த பாஸ்வேர்டை மாற்றவில்லை. ஒரு வாரமாக என்னைப் பூட்டியது நானேதான்.

பதினொரு வருஷம் சர்வர் பார்த்தவள்! அசடு வழிந்ததைத் துடைக்க ஒரு துண்டு போதாது.

மாடியேறினேன். கண்ணாடிக் கதவைச் சாத்தினேன். “சார்” என்று ஆரம்பித்து, “என்னங்க, நான் ஒரு தப்பு பண்ணிட்டேங்க” என்றுதான் வந்தது. எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் பெருமூச்சு விட்டார். இழுப்பறையிலிருந்து ஒரு கட்டுக் காகிதம் எடுத்து வைத்தார். ஆறாம் தேதியிலிருந்தே எல்லாம் அதில் இருக்கிறது. என் பெயர், சர்வர் அறையிலிருந்து, வார விடுமுறையிலும் நிமிஷம் தவறாமல்.

“தெரியுமா? ஆறாம் தேதியே தெரியுமா? அப்புறம் ஏங்க சொல்லல?”

“பதினாலாம் பக்கம்” என்றார். “நான் கண்டுபிடிச்சு எழுதினா விசாரணை, கணக்கு முடக்கம். அவங்களா வந்து சொன்னா மெமோவோட முடிஞ்சுடும். மாசப் பதிவ இருபத்தஞ்சாந்தேதிதான் பாத்து அறிக்கை எழுதணும்னு விதி. அதுக்கு முன்னாடி பாத்தது கணக்குல வராது.” கட்டை மறுபடி உள்ளே வைத்தார். “யோசிச்சுப் பாருன்னு எத்தன தடவதான் சொல்றது? நாளைக்கு இருபத்தஞ்சு. எனக்கு ரெண்டு நாளா தூக்கமே இல்ல.”

விதியில் ஓட்டை தேடியிருக்கிறார், இவர்! அதையும் விதிப்படியே தேடியிருக்கிறார். நான் அவரைக் கம்பி எண்ண வைக்கக் கிளம்பினேன். அழுகை வந்துவிட்டது. கண்ணாடிக் கதவு என்பதால் இரண்டு பேரும் காகிதத்தைப் பார்ப்பதுபோல் நின்றோம்.

மார்ச் 25, செவ்வாய்

கண்காணிப்பாளர் அம்மாவிடம் நானே போய்ச் சொன்னேன். எனக்கு மெமோ என்றார். பக்கத்தில் நின்றிருந்த இவர் தன் அறிக்கையை நீட்டினார். கடைசி வரி: ‘எமது படிவத்தில் இயந்திரங்களுக்கு இடமில்லாததே இத்தவறுக்கு வழிவகுத்தது. இது எமது பிரிவின் குறை.’

“அப்ப உங்களுக்கும் ஒண்ணு” என்றார் அம்மா. கண்ணாடியைக் கழற்றி எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். “ஏங்க, வீட்டுல நீங்க ரெண்டு பேரும் பேசிக்கவே மாட்டீங்களா?”

கிடங்கிலிருந்து நான் இன்னும் தப்பவில்லை. முப்பத்தொன்று முப்பத்தொன்றுதானாம்.

மார்ச் 27, வியாழன்

புதுப் படிவம் வந்துவிட்டது. இயந்திரங்களுக்கென்றே. பெயர், இருக்கும் அறை, போக அனுமதிக்கப்பட்ட ஒரே ஒரு முகவரி, அதன் செயல்களுக்குப் பொறுப்பேற்கும் மனுஷரின் பெயர். கடைசி இடத்தில் என் பெயரை எழுதினேன். இனி பெட்டி தப்புப் பண்ணினால் யாரைக் கேட்பது என்று அவருக்குத் தெரியும்.

முதல் பிரதியைத் திருப்பி அனுப்பினார். தேதி தப்பாம். தப்புத்தான், இருபத்தாறு என்று போட்டிருந்தேன்.

மார்ச் 28, வெள்ளி

சர்வருக்குத் தனிக் கணக்கு. தனிப் பாஸ்வேர்ட், மூடிய உறையில் அலமாரிக்குள். கோப்பில் என் பெயரை அழித்துவிட்டு அதன் பெயரை எழுதினேன். தேங்கிக் கிடந்த செய்தியெல்லாம் வரிசையாகப் போனது. ‘தற்காலிகம்’ என்ற குறிப்பையும் அழித்தேன்.

திங்கட்கிழமை வெளிக் கம்பெனி ஆட்கள் கண் முன்னால் ஓட்டிக்காட்ட உண்மையான ரத்த மாதிரி ஒன்று வேண்டும். யாரும் முன்வரவில்லை. இவர் சட்டைக் கையை மடித்துவிட்டு வந்து உட்கார்ந்தார். “எல்லா பரிசோதனையும் போட்டுக்கோங்க மேடம், நல்லா சோதிக்கணும்ல.” கைபேசி எண் கேட்டதும் முகம் மாறிவிட்டது. தன் எண்ணை வெளி நிறுவனம் எதற்கும் கொடுப்பதில்லை என்று ஒரு கொள்கை. கொஞ்சம் யோசித்துவிட்டு என் எண்ணை எழுதினார்.

மார்ச் 31, திங்கள்

மூன்று பேர் வந்தார்கள், கழுத்தில் அட்டை தொங்க. கண்காணிப்பாளர் அம்மா நடுவில். இவர் சுவரோரம். நான் பொத்தானை அழுத்தினேன். ஃபைல் கிடங்கின் எலிகள் வரிசையாகக் கண்ணில் வந்தன.

ஒன்று, இரண்டு, மூன்று... என் கைபேசி மணி அடித்தது. அறையில் ஒரே கைதட்டல். வந்தவர்களில் மூத்தவர், “நாங்க வந்து பண்றதுக்கு இங்க ஒண்ணும் இல்லீங்களே” என்றார். அம்மா என் தோளைத் தட்டினார். சர்வர் என்னிடமே இருக்கிறது. கிடங்கு எலிகளுக்கே.

அதற்குப் பிறகுதான் செய்தியைப் படித்தேன். மூன்று மாதச் சர்க்கரை அளவு. பக்கத்தில் சிவப்பு அம்புக்குறி, மேலே பார்த்து.

சுவரோரம் நின்றவரைப் பார்த்தேன். அவர் முதல் தடவையாகத் தன் ப்ராக்ஸியைத் தானே திறந்துவிட்டதற்காக வருந்தும் முகத்தோடு நின்றார். வீட்டில் சர்க்கரை இல்லாத காபி, ஒரு இனிப்பு கிடையாது, நானே பார்த்துப் பார்த்துப் போடுகிறேன். எங்கிருந்து ஏறியது?

ஏப்ரல் 1, செவ்வாய்

வழக்கம்போலப் பேக்கரி வாசலில் இறக்கிவிட்டார். நான் வழக்கம்போல நடக்கவில்லை. நேராகக் கடைக்குள் போனேன். கடைக்காரர் என்னைப் பார்க்காமலே, “வாங்க சார், உங்க கிரீம் பன் எடுத்து வச்சுட்டேன், ரெண்டு” என்றார்.

ஐந்து நிமிஷ இடைவெளியாம். பேச்சு வருமாம். ஒன்பது வருஷம்!

இவர் வண்டியிலிருந்து பாதி இறங்கிய நிலையில் நின்றிருந்தார். “யோசிச்சுப் பாருங்க சார்” என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தேன். இரண்டு பன்னும் என் பையில். ஒன்றை நாலாம் ஜன்னல் அக்காவுக்குக் கொடுத்தேன்.

அறிவிப்புப் பலகையில் இரண்டு மெமோவும் ஒட்டியிருக்கிறார்கள். எங்கள் பெயர்கள் பக்கத்தில் பக்கத்தில் அச்சாகியிருப்பது கல்யாணப் பத்திரிகைக்குப் பிறகு இதுதான் முதல் தடவை. “கட்டின பொண்டாட்டிக்கே மெமோ வாங்கிக் குடுத்த மனுஷன்யா” என்று யாரோ பின்னால் சொன்னார்கள். மரியாதையாகத்தான் சொன்னார்கள்.

ஏப்ரல் 2, புதன்

வைஃபை விண்ணப்பத்தை ஏற்றுக்கொண்டேன். நிபந்தனை: இனிப்புச் சம்பந்தப்பட்ட முகவரிகளுக்குத் தடை. மேற்பார்வை: மாமியார்.

ஏப்ரல் 3, வியாழன்

நாலாம் ஜன்னலில் இன்று நாலே பேர். அதில் இரண்டு பேர் வழி கேட்க வந்தவர்கள்.

காலையில் நல்ல வெயில். பேக்கரி வந்ததும் பழக்கத்தில் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கத் தயாரானேன். வண்டி நிற்கவில்லை. கடைக்காரர் கையில் பொட்டலத்தோடு வாசலில் நிற்பது தெரிந்தது, அப்படியே பின்னால் போய்விட்டார்.

“என்னங்க, தாண்டிட்டீங்க” என்றேன், ஹெல்மெட்டைத் தட்டி.

“மெமோ குடுத்தாச்சே. சலுகை காட்டுறேன்னு இனிமே எவன் சொல்லுவான்?” என்றார், திரும்பாமல்.

அதற்காகத்தான் ஒன்பது வருஷம் காத்திருந்தாரா, இல்லை சர்க்கரைக்குப் பயந்தா என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குப் பதில் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டேன். கேட்டில் வாட்ச்மேன் எங்களை மேலும் கீழும் பார்த்துவிட்டு நோட்டை நீட்டினார். இவர் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனாவை என் பக்கம் கொடுத்தார்.

“நேரம் சரியா போடும்மா” என்றார். மேடம் என்று சொல்ல மறந்துவிட்டார்.